ஒரே விரல், இரண்டு எண்

போன மார்கழியில் ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருந்தேன். விடிகாலை. ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அக்கா வெறும் வயிற்றில் சுகர் பார்த்தாள். 201. "ராத்திரி ரெண்டு சப்பாத்திதான் தின்னேன், எப்படிடா இது?" என்று புலம்பினாள். என் மெஷின் பையில் இருந்தது. அதே விரலில் அடுத்த நிமிஷமே அதை வைத்துப் பார்த்தேன். 162.

"இதுல எது நிஜம்?" என்றாள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் 31 வருஷம் எடை பார்த்தவன் நான். கட்டி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்போம். கொலுசாகி வரும்போது மறுபடி எடை போட்டு, சேதாரம் கழித்துக் கூலி. அரைக் கிராம் இடித்தாலே வாய்ச்சண்டை வரும். அப்போதெல்லாம் முதலாளி ஒரே வரிசையில்தான் போவார். மின்விசிறியை நிறுத்து, தராசு மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று குமிழியைப் பார், எடைக்கல்லை வைத்துப் பார், அப்புறம் கொலுசை எடு. சுகர் மெஷினுக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான் என்பது அக்காவின் மெஷினோடு மல்லுக்கட்டிய அந்த நாலு மாசத்தில் புரிந்தது. எனக்குச் சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. அதில் முதல் ஒன்பது வருஷம் மெஷினை ஒருமுறைகூடச் சோதித்தவனில்லை.

முதலில் எவ்வளவு பிசகு சகஜம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு மெஷின்களுக்கென்று ஐஎஸ்ஓ 15197 என்று ஓர் உலகத் தரவிதி இருக்கிறது. அதன் 2013 பதிப்புப்படி, சுகர் 100-க்குக் கீழே இருந்தால் லேப் எண்ணிலிருந்து 15 புள்ளி வரையிலும், 100-க்கு மேலே போனால் 15 சதவீதம் வரையிலும் மெஷின் விலகலாம். நூறு முறை பார்த்தால் 95 முறை இந்த எல்லைக்குள் வரவேண்டும், அவ்வளவுதான். லேப்பில் 200 என்றால் மெஷின் 170 காட்டினாலும் சரி, 230 காட்டினாலும் சரி, இரண்டுமே பாஸ். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தத் தராசை வைத்து வெள்ளி வியாபாரம் செய்தால் ஒரே வாரத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் மாத்திரையின் அளவு கூட்டுவதா குறைப்பதா, சோற்றைக் குறைப்பதா என்று முடிவெடுக்க இந்த அளவு போதும். காலையில் 148, பத்து நிமிஷம் கழித்து 155 என்று வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. நிஜச் சுகர் 180 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மெஷின் 157 காட்டலாம், இன்னொன்று 203 காட்டலாம். 46 வித்தியாசம், ஆனாலும் இரண்டும் தரத்துக்கு உட்பட்டவை. ஆகவே பக்கத்து வீட்டு மெஷினை வாங்கி வந்து நம் மெஷினைச் சோதிப்பது வீண் வேலை. ஒரு தராசை இன்னொரு தராசை வைத்து யாரும் சோதிப்பதில்லை, எடைக்கல்லை வைத்துத்தான் சோதிக்கிறோம். அக்கா வீட்டில் 201-க்கும் 162-க்கும் நடுவே பஞ்சாயத்து செய்ய முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. என் மெஷின் காட்டியதுதான் அவளுக்குப் பிடித்த எண்.

சரி, முதல் வேலை கை.

அதற்கு முந்தைய மே மாதம் நடந்தது இது. பேரப்பிள்ளைகளுக்கு மல்கோவா நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு சுகர் பார்த்தேன். 287. நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டப்பாவை எடுத்தேன். வீட்டுக்காரம்மா, "மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க" என்றாள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, மறுபடி பார்த்தால் 163. மாத்திரையைப் போட்டிருந்தால் சாயங்காலம் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

இது ஏன் என்று கணக்குப் போட்டால் எடை பார்க்கிறவனுக்குச் சட்டென்று விளங்கும். மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் உறிஞ்சும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டர் அல்லது அதற்கும் குறைவு. சுகர் 100 என்றால் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் சர்க்கரை. அப்படியானால் அந்த ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது ஒரே ஒரு மைக்ரோகிராம். கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரல் ரேகையில் ஒட்டியிருக்கும் மாம்பழச் சாற்றில் அதைவிடக் கூடுதலாகவே சர்க்கரை இருக்கலாம். சானிடைசரும் ஸ்பிரிட் பஞ்சும் கிருமியைக் கொல்லும், சர்க்கரையைக் கழுவி விடாது. ஈரம் காயாத விரலில் ஸ்பிரிட்டோ தண்ணீரோ ரத்தத்தோடு கலந்தாலும் எண் பிசகும். தண்ணீரும் சோப்பும், அப்புறம் காய்ந்த துணி, இதற்கு மாற்று கிடையாது. வெளியூரில் தண்ணீர் கிடைக்காவிட்டால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறையும். குத்துவதற்கு முன் கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் விரல் விறைத்திருந்தால் வெந்நீரில் கழுவினாலே ரத்தம் தானாக வரும். வரவில்லையே என்று மாட்டுக்குப் பால் கறப்பது போல விரலை அழுத்திப் பிழியக் கூடாது. பிழிந்தால் சதையில் ஊறியிருக்கும் நீரும் சேர்ந்து வந்து ரத்தத்தை நீர்க்க வைத்துவிடும். சொட்டு போதவில்லை என்றால் ஸ்ட்ரிப்பில் மேலும் கொஞ்சம் தடவிச் சரிக்கட்டாமல், அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் பாருங்கள். ஒன்று 20 ரூபாய் ஆயிற்றே என்று மனசு கேட்காதுதான்.

அக்காவின் கையில் குற்றமில்லை. வெந்நீரில் கழுவித்தான் பார்த்தாள். அடுத்துப் பார்த்தது ஸ்ட்ரிப் டப்பி.

டப்பியைத் திறந்ததுமே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. மூடி சரியாக மூடவில்லை. டப்பி அடுப்படி அலமாரியில், இட்லிப் பானைக்கு நேர் மேலே இருந்தது. உள்ளே ஸ்ட்ரிப் நெருக்கிக்கொண்டு கிடந்தது. "ரெண்டு டப்பி எதுக்குன்னு எல்லாத்தையும் ஒண்ணுல கொட்டிட்டேன்" என்றாள். போதாக்குறைக்கு, மகள் வீட்டுக்குப் போகும்போது எடுத்துப் போக வசதியாக இருக்கட்டும் என்று பத்து ஸ்ட்ரிப்பைத் தனியே ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தாள்.

ஸ்ட்ரிப்பின் நுனியில் காய்ந்து கிடப்பது ஒரு நொதி. பல ஸ்ட்ரிப்புகளில் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ், கருப்புப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. நம் உயிர் ஊசலாடுகிற எண்ணைப் பூஞ்சைதான் எண்ணித் தருகிறது என்று நினைத்தால் எனக்கு இன்னமும் சிரிப்பு வரும். அந்த நொதி சர்க்கரையோடு வினை புரியும்போது வருகிற சின்ன மின்னோட்டத்தைத்தான் மெஷின் அளந்து எண்ணாக்குகிறது. ஈரமும் சூடும் பட்டால் நொதி கெட்டுவிடும். டப்பிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருப்பது அதனால்தான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்த கையோடு மூடியை டப்பென்று மூடிவிட வேண்டும், கவரில் போட்டு எடுத்துப் போகக் கூடாது. இரண்டு டப்பி ஸ்ட்ரிப்பைக் கலந்தால் எது எப்போது காலாவதி ஆகும் என்பதே தெரியாமல் போய்விடும். பெரும்பாலான டப்பிகளில் 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும். அந்தப் பக்கம் ஏற்காட்டில் ஈரம், இந்தப் பக்கம் சேலத்தில் வெயில். சித்திரை மாதம் வண்டி டிக்கிக்குள் டப்பியை வைத்துக்கொண்டு கடைவீதி சுற்றினால் ஸ்ட்ரிப் என்னத்துக்கு ஆகும்? அதற்காக ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரமாகிவிடும். படுக்கையறைப் பீரோதான் நல்ல இடம்.

டப்பியைத் திறந்த அன்றே மார்க்கரில் தேதி எழுதிவிடுங்கள். அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி வேறு, திறந்த பிறகு இத்தனை மாதம் என்ற கணக்கு வேறு. சில டப்பிக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஆறு, சிலவற்றில் அச்சிட்ட தேதி வரை போகும், டப்பியிலேயே போட்டிருக்கும். பழைய மாடல் மெஷினாக இருந்தால் டப்பியில் உள்ள கோட் நம்பரும் திரையில் தெரியும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். இப்போது வருகிறவற்றில் பலவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி எடைக்கல். கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு சின்னக் குப்பி உண்டு. இத்தனை சர்க்கரை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த திரவம். மெஷின் வாங்கும்போது பெட்டிக்குள் பெரும்பாலும் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். சேலத்தில் நான் கேட்ட மருந்துக் கடைக்காரர், "வருஷத்துக்கு ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லைங்க" என்றார். நாலு நாள் கழித்து வரவழைத்துக் கொடுத்தார். அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள், மற்றது ஒத்துவராது. கடையில் கிடைக்காவிட்டால் மெஷின் பெட்டியில் உள்ள இலவச எண்ணுக்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

செய்முறை சுலபம். குப்பியை நன்றாகக் குலுக்கி, முதல் சொட்டைப் பஞ்சில் விட்டு எறிந்துவிட்டு, குப்பியின் மூக்கைத் துடைத்து, அடுத்த சொட்டைச் சுத்தமான பிளாஸ்டிக் மூடியின் மேல் விட வேண்டும். ஸ்ட்ரிப்பை மெஷினில் செருகி, நுனியை அந்தச் சொட்டில் தொட வேண்டும். குப்பியை நேராக ஸ்ட்ரிப்பின் மேல் சாய்த்தால் குப்பிக்குள் அழுக்கு போய்விடும். சில மெஷினில் கன்ட்ரோல் என்று குறிக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தாவிட்டால் இந்த எண்ணும் உங்கள் சராசரியில் சேர்ந்துகொள்ளும். குப்பியும் ஸ்ட்ரிப்பும் மெஷினும் அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். வந்த எண்ணை ஒப்பிட வேண்டியது ஸ்ட்ரிப் டப்பியில் அச்சடித்திருக்கும் எல்லையோடு. அக்காவின் பழைய டப்பியில் 104-லிருந்து 141 வரை என்று இருந்தது. வந்தது 152. இன்னொரு முறை பார்த்தேன், 155. அந்த டப்பியை அக்கா முன்னாலேயே குப்பையில் போட்டேன். கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய் ஸ்ட்ரிப், அவள் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. புது டப்பியைத் திறந்து பார்த்தால் 121. மெஷினில் குற்றமில்லை, ஸ்ட்ரிப்பில்தான்.

திறந்த குப்பி பொதுவாக மூன்று மாதம் தாங்கும். புது டப்பி திறக்கும்போது, மெஷின் கீழே விழுந்தால், எண் உடம்புக்கு ஒத்து வராதபோது, இந்த மூன்று வேளைக்கும் இதைச் செய்தால் போதும். தினமும் வேண்டியதில்லை. செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து ஊற்றிப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரிப் ரத்தத்துக்கு ஏற்றபடி செய்யப்பட்டது, சர்க்கரைத் தண்ணீரில் வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

நடுவில் ஒரு வார்த்தை, உயரத்தைப் பற்றி. மலைமேல் இருப்பதால் மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று அக்கா வீட்டுப் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். காற்றில் ஆக்ஸிஜன் குறைந்தால் சில ஸ்ட்ரிப்புகள் பிசகும் என்பது வாஸ்தவம். ஆனால் ஏற்காடு சுமார் 1500 மீட்டர்தான். கையேட்டில் பெரும்பாலும் 3000 மீட்டர், அதற்கு மேலும்தான் எல்லை போட்டிருக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதால் எண் ஏறாது. குளிரில்தான் விஷயம் இருக்கிறது. மெஷின் வேலை செய்ய பொதுவாக 10-லிருந்து 40 டிகிரி வேண்டும், மாடலுக்கு மாடல் சற்று மாறும். மார்கழிக் காலையில் ஜன்னலோரம் வைத்த மெஷின் திரையில் வெப்பமானிப் படம் காட்டி அடம்பிடித்தால் ரிப்பேர் என்று நினைக்காதீர்கள். அறைக்குள் கொண்டுவந்து கால் மணி நேரம் வைத்திருங்கள், சரியாகிவிடும்.

புது ஸ்ட்ரிப்போடு மறுநாள் மறுபடி பார்த்தோம். இந்த முறை ஒரு காரியம் செய்தேன். இரண்டு மெஷினையும் இரண்டு பேர் விரலிலும் வைத்தேன். அவரவர் ஊசிப் பேனா, அவரவர் ஊசி. ஒருவர் குத்திய பேனாவை இன்னொருவர் தொடவே கூடாது, மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்தில் தொற்றிக்கொள்ளும். மெஷினையும் துடைத்துவிட்டுத்தான் கை மாற்றினோம். என் விரலில் அவள் மெஷின் 141, என்னுடையது 138. இரண்டும் ஒத்துப் போயிற்று. அவள் விரலில் அவள் மெஷின் 188, என்னுடையது 159.

இதைப் பார்த்ததும் உறைத்தது. தராசு பிசகினால் எந்தக் கொலுசை வைத்தாலும் பிசகும். ஒரு கொலுசுக்கு மட்டும் பிசகினால் அந்தக் கொலுசில்தான் ஏதோ இருக்கிறது. ஏதாவது அரக்கு கிரக்கு உள்ளே வைத்திருக்கிறதா என்று உருக்கிப் பார்ப்போம். அக்காவை உருக்க முடியாது. லேப்புக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

லேப்பும் எல்லா நாளும் தங்கமில்லை. அதற்கு முந்தைய வருஷம் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஓர் இடத்தில் கொடுத்திருந்தேன். அன்று காலை ஆறரைக்கு என் மெஷினில் 139. சாயங்காலம் லேப் ரிப்போர்ட்டில் 118. மெஷின் கூட்டிக் காட்டுகிறது என்று முடிவு கட்டி ஒரு வாரம் சந்தோஷமாக இனிப்பு தின்றேன். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. ரத்தம் எடுத்த பையன் அதைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் எட்டு வீடு ஏறி இறங்கி, மூன்று மணி நேரம் கழித்துத்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் அறைச் சூட்டில் மணிக்கு 5-லிருந்து 7 சதவீதம் வரை குறையும். மூன்று மணி நேரத்துக்குக் கணக்குப் போடுங்கள். 139, 118 ஆனதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போகும்போது லேப்புக்கே நேரில் போங்கள். சுகருக்குச் சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். அதில் ஃப்ளோரைடு இருக்கும், அணுக்கள் சர்க்கரையைத் தின்பதை அது தடுக்கும். அதுவும் முழுசாகத் தடுக்க சில மணி நேரம் பிடிக்கும், ஆகவே எடுத்ததும் குழாயைச் சுழற்றி அணுக்களைப் பிரித்துவிடுகிற லேப்பாக இருந்தால் உத்தமம். வெறும் வயிற்றில்தான் போக வேண்டும், இது முக்கியம். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட நிஜமாகவே கூடுதலாக இருக்கும். விரலுக்கு வருவது உடம்புக்குச் சர்க்கரையைக் கொண்டுபோகிற ரத்தம், கை நரம்பில் எடுப்பது கொடுத்துவிட்டுத் திரும்புகிற ரத்தம். வெறும் வயிற்றில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போகும். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் ஒப்பிட்டுவிட்டு மெஷினைத் திட்டாதீர்கள்.

ரத்தம் எடுத்த ஐந்து நிமிஷத்துக்குள், லேப்பில் உட்கார்ந்தபடியே, கையைக் கழுவிவிட்டு விரலில் பாருங்கள். முடிந்தால் இரண்டு முறை. எண்ணையும் நேரத்தையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். காலை மாத்திரையையும் டிபனையும் கையோடு கொண்டுபோய்விடுங்கள். வெறும் வயிற்றோடு வெகு நேரம் அலைவது சுகர்காரர்களுக்கு ஆகாது.

அக்காவை முதல் பஸ்ஸில் இறக்கி, சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு லேப்புக்குக் கூட்டிப் போனேன். மலை இறங்குவதற்குள் அவளுக்குத் தலை சுற்றல். பசிதான் காரணம் என்றாள். பஸ்ஸிலேயே மெஷினில் பார்த்தேன், சுகர் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் லேப்பாவது ஒன்றாவது, கையில் இருந்த சர்க்கரையைக் கொடுத்திருப்பேன். உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டும்போது மெஷின் நல்ல எண் காட்டினாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கையைக் கழுவி, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

லேப் ரிப்போர்ட் 154. அதே ஐந்து நிமிஷத்தில் அவள் மெஷின் 186, என்னுடையது 161. கணக்கு இப்படி: மெஷின் எண்ணிலிருந்து லேப் எண்ணைக் கழித்து, லேப் எண்ணால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். என்னுடையதில் வித்தியாசம் 7, அது 4.5 சதவீதம், தேறிவிட்டது. அவளுடையதில் வித்தியாசம் 32, கிட்டத்தட்ட 21 சதவீதம், பெயில். லேப் எண் 100-க்குக் கீழே இருந்தால் சதவீதம் பார்க்க வேண்டாம், 15 புள்ளிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. ஒருநாள் கூட்டிக் காட்டி இன்னொரு நாள் குறைத்துக் காட்டினால் கை, ஸ்ட்ரிப், பழக்கம் இவற்றில் கோளாறு. மூன்று தடவையும் ஒரே பக்கம் ஏறக்குறைய ஒரே அளவு சாய்ந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும்.

அக்காவுக்கு அந்தக் காரணம் அதே ரிப்போர்ட்டின் இன்னொரு வரியில் இருந்தது. தலை சுற்றுகிறது என்றாளே என்று ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லியிருந்தேன். 8.4. டாக்டர் அதைப் பார்த்ததும் மெஷின் பெட்டியைக் கேட்டார். உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில், பொடி எழுத்தில், ஹீமடோக்ரிட் என்று ஒரு வரி இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதற்கான பெயர் அது. தோராயமாக ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் கிடைக்கும். அக்காவுக்கு 25. அவள் மெஷினின் தாளில் 30-லிருந்து 55 வரை என்று இருந்தது, என் மெஷினில் 20-லிருந்து 60 வரை. சிவப்பணு குறைந்தால் ஸ்ட்ரிப்புக்குள் பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய ரத்த நீர், கூடுதலாகப் போய்ச் சேரும், எண் ஏறும். சிவப்பணு மிகுந்தால் எண் இறங்கும். அவள் மெஷின் நல்ல மெஷின்தான், அக்காவின் ரத்தத்துக்குத்தான் அது பொருந்தவில்லை.

மெஷின் வாங்கும்போது நிறம், விலை, எத்தனை ஸ்ட்ரிப் இலவசம் என்றெல்லாம் பார்க்கிறோம். இந்த ஒரு வரியை நான் பார்த்ததே இல்லை. ரத்தசோகை உள்ள பெண்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வீட்டில் இதை முதலில் பாருங்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களும், வைட்டமின் சி அதிக அளவில் ஏற்றிக்கொள்கிறவர்களும், இந்த மெஷின் எனக்கு ஆகுமா என்று டாக்டரையே கேட்டுவிடுவது நல்லது, சில ஸ்ட்ரிப்பை இவை நன்றாகவே குழப்பும். மூன்று மாதச் சராசரி காட்டுகிற எச்பிஏ1சி இருக்கிறதே என்று நினைக்கலாம். இரும்புச்சத்துக் குறைவில் அதுவும் கூட்டிக் காட்டக்கூடியது. டாக்டர் அதைச் சொல்லித்தான் அக்காவின் சுகர் மாத்திரையைக் கூட்டாமல் இரும்பு மாத்திரை எழுதினார், ரத்தம் எங்கே போகிறது என்று வேறு சில சோதனையும் எழுதினார். 201-ஐ நம்பியிருந்தால் மாத்திரை கூடியிருக்கும்.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து மருமகன் ஒரு மெஷின் கொண்டுவந்தார். முதல் நாள் 8.3 என்று காட்டியது. வீடே அலறியது. அங்கே கணக்கு வேறு, மில்லிமோல். 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு, 149. அப்படி வந்த மெஷினைக் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

என் மெஷினை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். அவளுடையதை நான் வைத்துக்கொண்டேன், என் ரத்தத்துக்கு அது சரியாகத்தான் இருந்தது. நாலு மாசம் இரும்பு மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சை என்று போயிற்று. பேரீச்சைக்கு நான் சண்டை போட்டேன், சுகர்காரி தின்கிற பண்டமா அது. சித்திரையில் அவள் சேலம் வந்தபோது மறுபடி அதே லேப். ஹீமோகுளோபின் 11.6. அவளுடைய பழைய மெஷினையும் கொண்டுபோய் விரலில் பார்த்தோம். 139. ரிப்போர்ட் வருவதற்குள் அவள் ஏற்காடு பஸ் ஏறிவிட்டாள். சாயங்காலம் போன் போட்டேன்.

"லேப்பில் 131."

"கணக்கு போட்டுச் சொல்லு."

"வித்தியாசம் 8. ஆறு சதவீதம்."

"அப்ப என் மெஷினை அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வந்துடு" என்றாள். "உன்னோடதுக்கு ஸ்ட்ரிப் வெல ஜாஸ்தி."